போர்ஷே 928: வாங்க நினைப்பவர்களும் வைத்திருப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போர்ஷே 928 ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா, வாங்கியதில் கைவைக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். என்னிடம் இருப்பது 1988ஆம் ஆண்டு எஸ்4 மாடல், ஆட்டோமேட்டிக், ஜெர்மனிப் பதிவு. அதனால் 32 வால்வு வண்டிகளைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

போர்ஷே என்றால் 911தானே? இது எங்கிருந்து வந்தது?

911ஐ வீட்டுக்கு அனுப்பத்தான் 928ஐயே உருவாக்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் நிறுவனத்தின் தலைமைக்கு வந்த எர்ன்ஸ்ட் ஃபூர்மன், பின்பக்கம் இன்ஜின் வைத்து காற்றால் குளிரவைக்கும் வண்டிக்கு இனி நாள் அதிகம் இல்லை என்று கணக்குப் போட்டார். அமெரிக்காவில் புகைக்கும் சத்தத்துக்கும் விதிகள் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. வைசாக்கில் இருக்கும் ஆய்வு மையத்தில், பழைய வண்டியிலிருந்து எதையும் கடன் வாங்காமல், எல்லாவற்றையும் புதிதாக வரைந்தார்கள். முன்னால் தண்ணீரால் குளிரும் வி8 இன்ஜின், பின்னால் கியர்பாக்ஸ்.

1977 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வெளியானது. 1978க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் கிடைத்தது. அந்த விருதை வாங்கிய ஒரே ஸ்போர்ட்ஸ் கார் இன்றுவரை இதுதான். ஆனால் 911 சாகவில்லை. 1981இல் தலைமைக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், 911ஐ நிறுத்தும் முடிவை மாற்றிவிட்டார். அண்ணனை அனுப்ப வந்த தம்பி, அண்ணனோடு ஒரே கூரையின் கீழ் 1995 வரை இருந்துவிட்டுப் போனான். மொத்தம் ஏறத்தாழ 61,000 வண்டிகள்.

இதில் அப்படி என்ன பொறியியல்?

இன்ஜின் பிளாக் முழுக்க அலுமினியம். உள்ளே இரும்பு லைனர் கிடையாது. சிலிக்கான் அதிகம் கலந்த அலூசில் என்ற கலவையில் வார்த்து, சிலிண்டர் சுவரில் மேலாக இருக்கும் அலுமினியத்தை மட்டும் அரித்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுகிற சிலிக்கான் துகள்கள் மேல்தான் பிஸ்டன் ஓடும். பிஸ்டனுக்கு இரும்புப் பூச்சு.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரு தடித்த குழாய் இணைக்கிறது. அதற்குள் மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று இன்ஜின் வேகத்திலேயே சுழல்கிறது. இப்படி எடையை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்துவிட்டார்கள். கதவு, பானெட், முன் மட்கார்டு மூன்றும் அலுமினியம். மற்ற உடல் துத்தநாகம் பூசிய எஃகு.

பின் சஸ்பென்ஷனுக்கு வைசாக் ஆக்ஸில் என்று பெயர். வளைவில் பாதியில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், சாதாரண வண்டியில் பின் சக்கரம் வெளிப்பக்கம் திரும்பி வால் சுழலப் பார்க்கும். இதில் இணைப்புகளின் அமைப்பே சக்கரத்தைக் கொஞ்சம் உட்பக்கம் திருப்பி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. மோட்டாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. 1977இல்!

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஸ்டீயரிங்கை மேலே கீழே நகர்த்தினால் மீட்டர்கள் இருக்கும் பெட்டியும் சேர்ந்தே நகரும், அதனால் எந்த உயரத்தில் வைத்தாலும் வேகமுள் மறையாது. பின் இருக்கைக்காரருக்கும் வெயில் மறைப்பு வைத்திருக்கிறார்கள். அந்தப் பின் இருக்கையில் கால் வைக்க இடம் இல்லை என்பது வேறு விஷயம்.

எந்த மாடலை வாங்குவது?

முதல் வண்டிகள் 4.5 லிட்டர், ஐரோப்பிய அளவில் 240 குதிரைத்திறன். 1980 மாடலாக வந்த எஸ்-இல் 4.7 லிட்டர், 300. 1987 மாடலான எஸ்4இல் 5 லிட்டர், 32 வால்வு, 320. 1989இல் ஜிடி, 330. கடைசியாக 1992 முதல் 1995 வரை ஜிடிஎஸ், 5.4 லிட்டர், 350.

ஆரம்பகால வண்டி எடை குறைவு, எலக்ட்ரானிக்ஸ் குறைவு, உள்ளே சதுரங்கம் நெளிந்தது போன்ற அந்தப் பாஷா துணி வேறு. தானே ஸ்பேனர் பிடிப்பவருக்கு இது சரி. ஓட்டுவதே முக்கியம் என்றால் எஸ்4. ஜிடிஎஸ் அழகுதான், விலை வேறு உலகம். அதில் எண்ணெய் குடிக்கும் பழக்கமும் உண்டு. பிஸ்டனில் எண்ணெய் வளையத்துக்குப் பின்னால் வடியும் துளைகள் போதாமல் விட்டதுதான் காரணம் என்று இன்ஜினைப் பிரித்தவர்கள் சொல்கிறார்கள்.

கையால் போடும் கியர் வேண்டும் என்றால் ஒரு விஷயம்: முதல் கியர் இடப்பக்கம் கீழே இருக்கும். பழகும்வரை சிக்னலில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார்.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பெயின்ட்டை கடைசியில் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது பில்கள். டைமிங் பெல்ட் எப்போது மாறியது, கூடவே வாட்டர் பம்ப் மாறியதா, பெட்ரோல் ஹோஸ்கள் எந்த வருடத்தவை. இந்த மூன்றுக்கும் பில் இல்லை என்றால் மூன்றும் பழையவை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஓடிய கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஓடோமீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதாகி உடைந்துவிடும், எண் அப்படியே நின்றுவிடும். வருடக்கணக்கில் நின்ற மீட்டரோடு ஓடிய வண்டிகள் உண்டு. அவ்வப்போது நடக்கும் வாகனச் சோதனைகளின் சீட்டுகளில் பதிவான எண்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பின்பக்கம் டிக்கித் தரையைத் தூக்கி பேட்டரி இருக்கும் இடத்தைப் பாருங்கள். துத்தநாகம் பூசிய உடல் என்பதால் மற்ற இடங்களில் துரு அதிகம் வராது. ஆனால் பேட்டரி அமிலம் சொட்டிய தட்டு ஓட்டையாகிப் போயிருக்கும்.

இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் ஸ்டீயரிங் நடுங்கினால் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் உட்கார்ந்திருக்கலாம். உள்ளே திரவம் அடைத்த மவுன்ட் அது. திரவம் கசிந்தால் இன்ஜினே கீழே இறங்கிவிடும். ஓடும்போது நடுவிலிருந்து ஒரு முனகல் கேட்டால், இணைப்புக் குழாய்க்குள் இருக்கும் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் த்ரஸ்ட் பேரிங் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே?

பயம் நியாயமானது. வேண்டாம் என்று ஓடும் அளவுக்கு இல்லை.

இன்ஜினுக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தகடு இருக்கிறது. நடுக்குழாயில் வரும் தண்டின் நுனியை அந்தத் தகட்டோடு ஒரு கிளாம்ப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு போல்ட்டை இறுக்கி நிற்கும் பிடி அது. முறுக்கு ஏறி இறங்க, அந்தப் பிடி தண்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். தண்டு முன்னால் நகரும், தகடு வில்லாக வளையும், வளைந்த தகடு கிராங்க் ஷாஃப்டை (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டை) எந்நேரமும் முன்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்குவது த்ரஸ்ட் பேரிங். அது தேய்ந்து முடிந்த பிறகு கிராங்க் நேராக பிளாக்கிலேயே உரசும். அலுமினிய பிளாக். அதோடு கதை முடிந்தது, பிளாக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பார்ப்பது எளிது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, இன்ஜினுக்கும் குழாய்க்கும் நடுவே கீழே இருக்கும் மூடியைக் கழற்றுங்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்துங்கள். தகடு டக்கென்று பின்னால் வந்தால் அழுத்தம் ஏறியிருந்தது என்று தெரிந்துவிடும். தண்டில் பளபளப்பாக ஒரு கோடு புதிதாகத் தெரியும், கிளாம்ப் முன்பு நின்ற இடம் அது. அடுத்து டயல் கேஜ் வைத்து கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பி ஆட்டத்தை அளக்க வேண்டும். புதிதில் 0.11 முதல் 0.31 மில்லிமீட்டர்; 0.4ஐத் தாண்டினால் தேய்மான வரம்பைக் கடந்துவிட்டது.

வரம்புக்குள் இருந்தால் அழுத்தத்தை விடுவித்து மறுபடி இறுக்கினால் போதும். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் பார்த்துக்கொள்ளலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுபவர்கள் தண்டை அதிக நீளத்துக்குக் கவ்வும் மாற்றுக் கிளாம்ப் போடுகிறார்கள். இந்த வண்டியில் செய்யக்கூடிய மாற்றங்களில் முதலிடம் இதற்குத்தான் கொடுப்பேன். குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறாது, இன்ஜின் மிஞ்சும்.

விற்பவர் "இதெல்லாம் தேவையில்லாத சோதனை" என்று சொன்னால் காபிக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

டைமிங் பெல்ட் பற்றி ஏன் இத்தனை பேச்சு?

இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரே பெல்ட். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், வாட்டர் பம்ப், எண்ணெய் பம்ப் எல்லாவற்றையும் அதுதான் சுற்றுகிறது. 32 வால்வு இன்ஜினில் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். முதல் 4.5 லிட்டர் இன்ஜினில் இந்த மோதல் இல்லை.

60,000 மைலுக்கு ஒருமுறை என்று சொல்வார்கள். ஆனால் இன்று இந்த வண்டிகள் வருடத்துக்கு எத்தனை தூரம் ஓடுகின்றன? அதனால் தூரத்தை விட்டுவிட்டு வருடத்தைப் பாருங்கள். நான் ஐந்து வருடத்துக்கு மேல் விடுவதில்லை.

பெல்ட்டின் இறுக்கத்தை அளக்க போர்ஷேயின் 9201 என்ற கருவி இருக்கிறது. விரலால் முறுக்கிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். புது பெல்ட் சில ஆயிரம் கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும். அப்போது மறுபடி அளந்து இறுக்க வேண்டும். இந்த இரண்டாம் இறுக்கத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வாட்டர் பம்ப் மாற்றும்போது உள்ளே சுழலும் விசிறி என்ன பொருள் என்று பாருங்கள். உலோக விசிறி வைத்த பம்பில் பேரிங் தளர்ந்தால் விசிறி பிளாக்கையே செதுக்கிவிடும். பிளாஸ்டிக் விசிறி என்றால் அதுவே தேய்ந்து போகும், பிளாக் தப்பிக்கும்.

இன்னொன்று: 32 வால்வு இன்ஜினில் பெல்ட் ஒரு கேமைத்தான் சுற்றுகிறது. அங்கிருந்து இரண்டாவது கேமுக்குச் சின்னச் செயின் போகிறது. அந்தச் செயினை அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் காலப்போக்கில் நொறுங்கும். வால்வு மூடியைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல் ஹோஸ்கள் கசியவில்லை, அப்படியே விடலாமா?

கூடாது. முப்பது வருட ரப்பர், வி8-இன் சூட்டுக்கு மேல். கசிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் வண்டிகளில் சில எரிந்தே போயிருக்கின்றன. வாங்கிய முதல் மாதத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை மாற்றுங்கள்.

இரவில் ஒரு விளக்கு எரிகிறது, பகலில் வேறொன்று அணைகிறது. எலக்ட்ரிகல் இவ்வளவு மோசமா?

வடிவமைப்பு மோசம் இல்லை, வயதுதான் பிரச்சினை. முன் பயணியின் கால் வைக்கும் பலகைக்குப் பின்னால் பியூஸ்களும் ரிலேக்களும் நிறைந்த பெரிய பலகை இருக்கிறது. அங்கே தண்ணீர் இறங்கியிருந்தால் பச்சை பூத்திருக்கும். ஒவ்வொரு பியூஸாக எடுத்து, அது செருகும் இடத்தைச் சுரண்டி, புதிது போடுங்கள். செலவு சாப்பாட்டுக் காசு. அதற்கப்புறம் வண்டியில் ஆங்காங்கே இருக்கும் எர்த் பாயின்ட்டுகளைக் கழற்றித் தேய்த்து மறுபடி முடுக்குங்கள். "பேய் பிடித்த" வண்டிகளில் பாதி இதிலேயே குணமாகிவிடும்.

மிச்சம் இருப்பது கட்டுப்பாட்டுப் பெட்டிகள். எஸ்4இல் பெட்ரோலுக்கு ஒன்று, தீப்பொறிக்கு ஒன்று என்று இரண்டு. பெட்ரோல் பக்கம் இருக்கும் பெட்டியில் ஒரு சில்லு வயதாகிச் செத்துப்போவது தெரிந்த நோய். பழுது பார்த்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வண்டி ஓடவில்லை என்றதும் பெட்டி மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் ஒரு ரிலேயோ கிராங்க் சென்சாரோதான்.

ஏசி காற்று ஒரே பக்கமாக வருகிறது. சின்ன வேலைதானே?

காற்று வழியைத் திறந்து மூடும் மடல்களை நகர்த்துவது வெற்றிடம். இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய்களில் உறிஞ்சல் வருகிறது, ரப்பர் சவ்வு வைத்த சின்னச் சின்ன டப்பாக்கள் மடலை இழுக்கின்றன. சவ்வு கிழிந்தால் மடல் அசையாது. டப்பா மலிவு. அதை எட்ட டாஷ்போர்டுக்குள் போக வேண்டும், அங்கேதான் நாள் போகும்.

இதே வெற்றிடம்தான் இன்டேக்கினுள் (இன்ஜினுக்குக் காற்று போகும் பாதைக்குள்) இருக்கும் மடலையும் இயக்குகிறது. குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் அது திறந்து காற்றோட்டத்தின் தன்மையை மாற்றும். எஸ்4 ஒன்று நடுத்தர வேகத்தில் சோம்பலாக இழுத்தால், டியூனிங் கடைக்குப் போகும் முன் இந்த மடலைப் பாருங்கள். நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல்) சென்சார், கேம் சென்சார் எல்லாம் இன்டேக்குக்கு அடியில்தான் ஒளிந்திருக்கின்றன. அதனால் இன்டேக்கை ஒருமுறை இறக்கினால் அடியில் இருக்கும் ரப்பர், கேஸ்கெட், சென்சார், வயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதுதான் வழக்கம். இறக்கிய இன்டேக்குக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் ஆசையும் வரும். தடுக்க முடியாது.

கூலன்ட் எதுவானாலும் சரிதானே?

இல்லை. பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம். பழசாகிப்போன கூலன்ட்டில் அரிப்பைத் தடுக்கும் சத்து தீர்ந்ததும், ஹெட் கேஸ்கெட் உட்காரும் இடத்தில் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி உலோகம் கரையத் தொடங்கும். அலுமினியத்துக்கு ஏற்றதை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏறத்தாழ 16 லிட்டர் பிடிக்கும்.

சிலிண்டர் சுவர் கீறியிருந்தால் தெருமுனை லேத்தில் கொடுத்துக் கடைந்து பெரிதாக்க முடியாது. அலூசிலுக்கு வேறு முறை, வேறு பிஸ்டன். தெரிந்த பட்டறைகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன.

டயர் கடையில் அலைன்மென்ட் செய்தேன், வண்டி முன்பைவிட மோசமாக ஓடுகிறது. ஏன்?

ஜாக்கியில் தூக்கி இறக்கிய உடனே அளந்திருப்பார்கள். இந்த வண்டியைத் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கும். இறக்கிய பிறகு சஸ்பென்ஷன் உடனே தன் இடத்துக்கு வராது, உயரத்திலேயே நின்றுவிடும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகே இறங்கி உட்காரும். அந்த உயரத்தில் வைத்து அளந்தால் எல்லா எண்ணும் தப்பு. சரியான முறை: ஓட்டிக்கொண்டு போய், தூக்காமலே மேடையில் ஏற்றி, முதலில் உயரத்தை அளந்து, அப்புறம்தான் கோணங்களைத் தொட வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்படி வண்டியை ஏற்றும் மேடை இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, மாற்றங்களுக்கு வருவோம். எதிலிருந்து தொடங்குவது?

பழையதைச் சரிசெய்வதிலிருந்து. முப்பது வயது ஷாக் அப்சார்பர், உட்கார்ந்துபோன மவுன்ட், பிளந்த புஷ், வெற்றிடம் கசியும் குழாய் ஆகியவற்றோடு ஓடும் 928ஐ ஓட்டிவிட்டு "இதில் சக்தி போதாது" என்று முடிவு கட்டுகிறார்கள். இந்த வண்டியில் ஒவ்வொன்றும் இன்னொன்றை நம்பியிருக்கிறது. எல்லாம் தொழிற்சாலை அளவுக்கு வந்த எஸ்4 மணிக்கு 270 கிலோமீட்டர் போகும். 1986இல் அமெரிக்காவின் பானவில் உப்புவெளியில் ஆல் ஹோல்பர்ட் ஓட்டிய எஸ்4 171 மைலைத் தொட்டது, அதாவது சுமார் 275 கிலோமீட்டர். முதலில் அந்த வண்டியை மீட்டெடுங்கள், பிறகு பேசலாம்.

அதன் பிறகு என் வரிசை: நல்ல ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும், அழுத்தத்தில் உப்பாத பிரேக் ஹோஸ்கள், புகைபோக்கியில் இரண்டு குழாய்களையும் குறுக்கே இணைக்கும் எக்ஸ் வடிவ இணைப்பு. எக்ஸ் இணைப்பு இன்ஜினின் சத்தத்தை நன்றாக மாற்றும். சக்தியும் ஏறும், ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

பெரிய சக்கரம் போடலாமா?

போல்ட் அமைப்பு போர்ஷேயின் வழக்கமான ஐந்து துளை, 130 மில்லிமீட்டர். ஆனால் முன் சக்கரத்தின் ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து அது பொருந்தும் முகம் விலகி நிற்கும் தூரம்) 65 மில்லிமீட்டர். அதனால் 911க்காக வாங்கிய முன் சக்கரம் பெரும்பாலும் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கச் சகிக்காது, ஸ்டீயரிங்கின் குணமும் கெடும். 17 அங்குலம், 18 அங்குலம் வரை பொருந்தும் சக்கரங்கள் இருக்கின்றன. எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பிரேக்கை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. எஸ்4இல் இருக்கும் நான்கு பிஸ்டன் பிரெம்போ காலிப்பர் சாலைக்குத் தாராளம்.

சூப்பர்சார்ஜர்?

இந்தக் கேள்விக்காகத்தான் பாதிப் பேர் இந்தப் பக்கத்துக்கு வருகிறீர்கள் என்று தெரியும்.

இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அடைக்கும் இந்தக் கருவியைப் போடலாம், போடுகிறார்கள், நன்றாகவே ஓடுகிறது. எஸ்4இன் அமுக்க விகிதம் 10க்கு 1. அதன் மேல் காற்றை அடைக்கிறோம் என்பதால் 0.4 பார் அழுத்தத்தை ஒட்டி நிறுத்திக்கொள்வதுதான் விவேகம். அந்த அளவிலேயே 400 குதிரைத்திறனை எட்டிவிடலாம். பெல்ட்டில் சுற்றும் மையவிலக்கு வகை என்றால் முன்பக்கம் ஓரமாகப் பொருத்தலாம், கழற்றவும் எளிது. திருகு வகை வி-க்கு நடுவே உட்காரும். கீழ் வேகத்திலேயே இழுக்கும், ஆனால் இன்டேக் முழுதும் மாற வேண்டும், சூடும் அதிகம்.

சார்ஜரின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பெரிய இன்ஜெக்டர், தெம்பான பெட்ரோல் பம்ப், காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர், அப்புறம் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வரைபடத்தைத் திருத்துவது. எஸ்4க்கு ஷார்க்டியூனர் என்ற கருவி இருக்கிறது. வண்டி ஓடும்போதே பெட்ரோலையும் தீப்பொறி நேரத்தையும் மாற்றிப் பார்க்கலாம். கலவையின் அளவைப் புகையிலிருந்து காட்டும் அகலப் பட்டை ஆக்ஸிஜன் சென்சார் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். தீப்பொறிப் பெட்டி நாக்கிங்கைக் கேட்டுத் தானே நேரத்தைத் தள்ளிவைக்கும், உண்மைதான். அதை நம்பி மெலிந்த கலவையில் ஓட்டினால் பிஸ்டன் போகும். அலூசிலைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் முறுக்கு ஏறினால் மேலே சொன்ன கிளாம்ப் இன்னும் வேகமாக வழுக்கும். மாற்றுக் கிளாம்ப் போடாமல் சூப்பர்சார்ஜர் போடுவது, என் கருத்தில், இன்ஜினுக்கு நாள் குறிப்பது.

ரேஸ் டிராக்கில் ஓட்டலாமா?

எப்போதாவது ஒரு நாள் என்றால் சரி. அடிக்கடி என்றால் எண்ணெயைப் பற்றி யோசியுங்கள். நீண்ட வளைவில், உயர்ந்த சுழற்சியில் இரண்டாவது, ஆறாவது சிலிண்டர்களின் கனெக்டிங் ராட் பேரிங்குக்கு எண்ணெய் போதாமல் போவது இந்த இன்ஜினின் அறியப்பட்ட பலவீனம். எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடு, அழுத்தம் விழும்போது எண்ணெய் தரும் சேமிப்புக் குப்பி என்று செய்துகொள்கிறார்கள். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தொடும்படி எண்ணெய் வைத்திருப்பது செலவில்லாத முதல் படி.

இன்ஜின் போய்விட்டது. அமெரிக்க எல்எஸ் வி8 போட்டால் மலிவாக முடியுமாமே?

முடியும். எடையும் பெரிதாக ஏறாது. ஆனால் 928இல் இருந்து அதன் இன்ஜினை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான ஓடுதான். பிளாக் உடைந்து வேறு வழியே இல்லாத வண்டிக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஓடுகிற வண்டியில் செய்தால் சொல்வேன்.

ஜெர்மனியில் எச் நம்பர் பிளேட் வைத்துக்கொண்டு மாற்றங்கள் செய்யலாமா?

முப்பது வயது கடந்த வண்டிக்குப் பாரம்பரிய வாகனம் என்ற தகுதி கிடைக்கும். பதிவெண்ணின் கடைசியில் எச் எழுத்து வரும். வரி வருடத்துக்கு 191.73 யூரோ என்று ஒரே தொகை, இன்ஜின் அளவைப் பார்ப்பதில்லை. 5 லிட்டர் வண்டிக்கு இது பெரிய லாபம். நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டு வளையத்துக்குள்ளும் போகலாம்.

பதிலுக்கு வண்டி பெருமளவு அசல் நிலையில் இருக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து பத்து வருடத்துக்குள் செய்த, அல்லது அன்றைக்கே செய்திருக்கக்கூடிய மாற்றங்களை ஏற்றுக்கொள்கிறார்கள். ஸ்ட்ரோசெக் போன்ற அந்தக் காலத்து அகல உடல் மாற்றம் என்றால் பேச இடம் உண்டு. இன்றைய 19 அங்குலச் சக்கரத்தோடு போனால் பரிசோதகர் தலையை ஆட்டுவார். எதைப் போட்டாலும் அதற்கான சான்றிதழ் கையில் இருந்து, பதிவுச் சீட்டில் ஏறியிருக்க வேண்டும். முன்கூட்டியே பரிசோதகரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஆளுக்கு ஆள் பார்வை மாறும்.

மாற்றிய வண்டியை விற்கும்போது விலை குறையுமா?

ஜிடிஎஸ், ஆரம்பகாலப் பாஷா உள்ளலங்காரம், கையால் போடும் கியர் வைத்த ஜிடி ஆகியவற்றில் குறையும், சந்தேகமே வேண்டாம். சாதாரண எஸ்4 ஆட்டோமேட்டிக்கில் வாங்குபவரைப் பொறுத்தது. மாற்றுக் கிளாம்ப், புது ஹோஸ்கள், புது மவுன்ட் ஆகியவற்றுக்கு யாரும் விலை குறைப்பதில்லை, பில்லைப் பார்த்ததும் கூட்டித்தான் கேட்கலாம்.

கழற்றிய அசல் உதிரி எதையும் விற்காதீர்கள். புகைபோக்கி, சக்கரம், ஸ்பிரிங், ஸ்டீயரிங், பழைய ரேடியோ வரை எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, எந்த வண்டியிலிருந்து எப்போது கழற்றியது என்று சீட்டு ஒட்டி அட்டைப்பெட்டியில் வையுங்கள். சில உதிரிகளை, பழைய வண்டிகளுக்கான போர்ஷேயின் பிரிவான போர்ஷே கிளாசிக் இன்னும் தருகிறது, பல உதிரிகள் நின்றுவிட்டன. நின்றுபோனவற்றைத் தேடி வருபவர்கள் முதலில் கேட்பது, "உங்க வண்டியில கழட்டினது இருக்கா?"